மலிவான டெலிபோட்டோ ஜூம் லென்ஸை ஃபிலிம் வீணாகாமல் சோதிப்பது எப்படி

ஃபிலிம் கேமராவுக்கு ஒரு 70-210 மி.மீ. ஜூம் லென்ஸ் தேடுகிறவர்களுக்கு இது நல்ல காலம். 1970களின் பிற்பாதியிலிருந்து 1990கள் வரை ஜப்பானிய நிறுவனங்கள் இந்த வகை லென்ஸைக் குவியல் குவியலாகத் தயாரித்துத் தள்ளின. 50 மி.மீ. லென்ஸோடு கேமரா வாங்கிய வீட்டில் அடுத்து வந்து சேர்ந்தது பெரும்பாலும் இதுதான். இன்று பழைய லென்ஸ்களைத் தேடி வருகிற டிஜிட்டல் கேமராக்காரர்கள் 50, 85, 135 என்று ஒற்றைக் குவியத்தொலைவு லென்ஸ்களைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஜூம்கள் மேசை மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. மலேசியாவின் பினாங்கில், லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு ஜூம் லென்ஸுக்குக் கேட்கும் விலைக்கு ஃபிலிம் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்யப் போனால் சில ரோல்களுக்குள் காசு தீர்ந்துவிடும்.

கணக்கு அங்கேதான் இருக்கிறது. லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் ஒரு முறை போகிறது. அந்த லென்ஸை நம்பி நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு ரோலும் மறுபடி மறுபடி போகிறது. தைப்பூசத்தின்போது வெள்ளி ரதத்தை எடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து நெகட்டிவைப் பார்த்து ‘210-இல் எல்லாம் மங்கல்’ என்று கண்டுபிடிப்பது மிகவும் கசப்பான வழி. ரதம் திரும்ப வர ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மலிவு ஜூமை வைத்துக்கொண்டு ‘இது நல்ல லென்ஸா’ என்று கேட்டால் பயன் இல்லை. எந்தக் குவியத்தொலைவில் (70, 135, 210 என்ற மி.மீ. எண்), எந்த அப்பர்ச்சரில் (ஒளி புகும் துளையின் அளவு; எஃப்/4 பெரியது, எஃப்/16 சிறியது) இது நம்பத்தக்கது என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லாப் பழைய ஜூம்களுக்கும் எங்கோ ஓரிடத்தில் அருமையான பகுதி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, எங்கே முடிகிறது என்பதை ஒரே ஒரு ரோலில் தெரிந்துகொள்ள முடியும். அந்த ரோலுக்கு முன்னால் ஃபிலிமே இல்லாமல் தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய உள்ளன. அவற்றை முதலில் முடிப்போம்.

சந்தை மேசையில்

லோரோங் கூலிட் காலைச் சந்தை. சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டி, பழைய கடிகாரம், காலணி, துருப்பிடித்த ஸ்பேனர், ரேடியோ என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவில் லென்ஸ் இருக்கும். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை இருக்கிறது. அங்கே விற்பவர்களுக்குப் பொருள் தெரியும், விலையும் அதற்கேற்ப இருக்கும். எங்கே போனாலும் கையில் இரண்டு பொருள்கள் வேண்டும்: ஃபிலிம் போடாத உங்கள் கேமரா, ஒரு சிறிய டார்ச். கைப்பேசி வெளிச்சமும் போதும்.

முதலில் உங்கள் கேமராவில் அது பொருந்துமா என்பது. என்னுடையது நிக்கோன் எஃப்எம்2. நிக்கோனின் எஃப் மவுண்ட் (லென்ஸை மாட்டும் பூட்டு வளையம்) 1959-இல் வந்தது, ஆனால் லென்ஸின் அப்பர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்க 1977-இல் வந்த ‘ஏஐ’ முறைக்கு முந்திய லென்ஸ்களை எஃப்எம்2-இல் மாட்டக் கூடாது. ஒளிமீட்டரோடு இணையும் சிறிய நெம்புகோல் நசுங்கிப் போகும். பழைய எஃப்எம்மில் அந்த நெம்புகோலை மடக்கி வைக்கலாம், எஃப்எம்2-இல் முடியாது. கேனான் எஃப்டி, பென்டாக்ஸ் கே, மினோல்டா என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆகவே வாங்கும் முன் உங்கள் கேமரா எதை ஏற்கும், எதை ஏற்காது என்று படித்துவிட்டுப் போங்கள். டாம்ரான் அடாப்டால்-2 லென்ஸ் கிடைத்தால் அதன் பின்பகுதி கழற்றி மாற்றக்கூடியது. உங்கள் கேமராவுக்கான மவுண்ட் அதோடு இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகத் தேடினால் மவுண்ட் விலை லென்ஸ் விலையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, கண்ணாடி. நம் ஊர் ஈரத்தில் இதுதான் தலையாய சோதனை. லென்ஸின் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வையுங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து அதையே செய்யுங்கள். நேராக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சாய்த்தால்தான் உள்ளே இருப்பது வெளிப்படும். பொட்டுப் பொட்டாகத் தூசி இருந்தால் கவலை வேண்டாம். அது படத்தில் தெரியவே தெரியாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை விட்டுப் படரும் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் நகக்கண் அளவு இருந்தால் படத்தைக் கெடுக்காது, ஆனால் விலையைக் குறைக்கும் காரணமாகச் சொல்லலாம். நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடுவதால், பிரித்துத் துடைத்தாலும் தடம் நிற்கும். ஜூமுக்குள் பல அடுக்குக் கண்ணாடிகள் இருப்பதால் பிரிக்கும் கூலியும் லென்ஸ் விலையைத் தாண்டும்.

பூஞ்சையைவிட ஏமாற்றுவது பால்போன்ற மங்கல். நூல் இல்லை, பொட்டு இல்லை, கண்ணாடி மேல் ஒரு மெல்லிய புகைபோலப் படிந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஓர் அடுக்கு முழுவதும் வெளுப்பாக ஒளிர்ந்தால் அதுதான். ஓரத்துப் பூஞ்சையோடு நான் வாழ்வேன், மங்கலோடு வாழ மாட்டேன். ஏனென்றால் அது படம் முழுவதிலும் கறுப்பைச் சாம்பலாக்கும். 

முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் தயங்குங்கள். ஃபிலிமுக்கு அருகில் இருப்பதால் அதன் பாதிப்பு அதிகம். பிறகு திருகுகளைப் பாருங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் வைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். திறந்தவர் கண்ணாடிகளை அச்சு பிசகாமல் திருப்பி வைத்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. உறையைத் திறந்தவுடன் ஈரத் துணி வாடை வந்தால், உள்ளே இன்னும் கவனமாகத் தேடுங்கள்.

மூன்றாவது, அப்பர்ச்சர் தகடுகள். நிக்கோன், பென்டாக்ஸ் லென்ஸ்களில் பின்னால் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். எஃப்/16-இல் வைத்து அதைத் தள்ளிப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள். தகடுகள் சட்டென்று மூட வேண்டும். தயங்கி ஊர்ந்து மூடினால் தகட்டில் எண்ணெய் ஏறியிருக்கிறது. வெயிலில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒளி கூடிப்போகும். எஃப்டி லென்ஸ் என்றால் கேமராவில் மாட்டிப் பார்ப்பதே எளிது: கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து, எஃப்/16-இல் அழுத்துங்கள். பின்னாலிருந்து பார்த்தால் சிறிய, ஒழுங்கான துளை தெரிய வேண்டும்.

கடைசியாக வளையங்கள். தள்ளி இழுக்கும் வகை ஜூமைத் தலைகீழாகப் பிடியுங்கள். வளையம் தானாக வழிந்து இறங்கினால் உள்ளே இருக்கும் பட்டை தேய்ந்திருக்கிறது. இது பெரிய குறையல்ல. குழலைச் சுற்றி அகலமான ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டால் நின்றுவிடும். ஆனால் கோபுரத்தை நோக்கி அண்ணாந்து பிடிக்கும்போது சட்டகம் நழுவுவது எரிச்சல் தரும், அதனால் விலை பேசும்போது சொல்லிக்காட்டுங்கள். முன்குழலை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லா ஜூமிலும் உண்டு. டொக் டொக்கென்று சத்தம் வந்தால் வேண்டாம்.

விற்பவர் அவசரப்படுத்தினால், “அங்கிள், வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள். பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டியதில்லை.

எந்த லென்ஸைத் தேடலாம்?

பெயர்களை அடுக்குவதில் எனக்கு ஆர்வம் குறைவு. ஐம்பது ஆண்டு வாழ்ந்த பொருளில் பெயரைவிட நிலைமைதான் பெரிது. ஆனாலும் ஓர் அளவுகோல் சொல்கிறேன். ஜூம் முழுவதும் எஃப்/4 மாறாமல் நிற்கும் லென்ஸைத் தேடுங்கள். நிக்கோன் சீரிஸ் இ 70-210, கேனான் எஃப்டி 70-210, ஆட்டோஃபோகஸ் வேண்டும் என்பவர்களுக்கு 1985-இல் வந்த மினோல்டா 70-210 ஆகிய மூன்றும் இந்த வகை. எஃப்/4-5.6 என்று மாறும் லென்ஸில் 210 முனைக்குப் போனால் ஒளி ஒரு படி, அதாவது பாதியாக, குறையும். மீட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும், உங்கள் கண் சரிசெய்யாது. பழைய கேமராக்களில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவில், ஃபோகஸ் சரிபார்க்க இருக்கும் பிளவு வட்டம் எஃப்/5.6-ஐ ஒட்டிப் பாதி கறுத்துவிடும். சரியாக ஃபோகஸ் செய்ய வேண்டிய முனையில்தான் ஃபோகஸ் செய்யும் கருவி கைவிடுகிறது. எஃப்/4-இலும் கண்ணை வட்டத்தின் நேர் நடுவில் வைத்தால்தான் இரு பாதியும் தெளிவாக இருக்கும்.

விவிட்டார் சீரிஸ் 1 கண்ணில் பட்டால் வரிசை எண்ணைப் பாருங்கள். விவிட்டார் லென்ஸை வேறு நிறுவனங்கள்தான் செய்துகொடுத்தன. எண் 22 என்று தொடங்கினால் கிரோன், 28 என்றால் கொமின், 37 என்றால் டோகினா. மூவருமே நன்றாகச் செய்தார்கள். நிலைமை நன்றாக இருப்பது எதுவோ அதை எடுங்கள்.

வீட்டில், ஃபிலிம் போடுவதற்கு முன்

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் கேமராவைச் சோதிக்க வேண்டும். பழைய கேமராவில் ஃபோகஸ் திரையோ, உருவத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் உள்கண்ணாடியோ இம்மியளவு நகர்ந்திருந்தால், நீங்கள் வியூஃபைண்டரில் பார்க்கும் கூர்மை வேறு, ஃபிலிமில் விழும் கூர்மை வேறு. 50 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் பயன்படுத்தும்போது அது வெளியே தெரியாது. 200 மி.மீ., எஃப்/4 என்றால் தப்பவே முடியாது. 3 மீட்டர் தொலைவில் இருக்கும் முகத்தை 200-இல் எஃப்/4-இல் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் செய்தால் காது கிடைக்காது. 10 மீட்டரில் அது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆகிறது.

இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் இரண்டு தண்டவாளங்களின் மேல் மங்கலான மேட் ஒட்டுநாடாவை இறுக்கமாக இழுத்து ஒட்டுங்கள். ஷட்டர் திரையில் விரலும் நாடாவும் பட்டுவிடக் கூடாது, மிகுந்த கவனம் தேவை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்து, திறந்தபடியே பூட்டி வையுங்கள். இப்போது நாடாவின் மேல் உருவம் தலைகீழாகத் தெரியும். உங்கள் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் அதுவே 5 மடங்கு உருப்பெருக்கி. அதை வைத்து நாடாவில் விழும் உருவத்தைப் பாருங்கள்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் பின்பக்கத்திலிருந்து கொம்தார் கோபுரம் தெரியும். இருட்டிய பிறகு அதன் விளக்குகளை வைத்துத்தான் நான் இந்தச் சோதனையைச் செய்கிறேன். வியூஃபைண்டரில் விளக்கு மிகச் சிறிய புள்ளியாகத் தெரியும் இடத்தில் ஃபோகஸை நிறுத்துகிறேன். நாடாவிலும் அது மிகச் சிறிய புள்ளியாக இருந்தால் கேமரா சரி. நாடாவில் புள்ளி பருத்து, வளையத்தைச் சற்றுத் திருப்பினால்தான் சுருங்குகிறது என்றால் கோளாறு கேமராவில். லென்ஸைத் திட்டாமல் கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இதே இருப்பில் இன்னொன்றும் தெரிந்துவிடும்: வளையத்தை முடிவிலிக் குறி (∞) வரை திருப்பியும் தொலைவிலுள்ள விளக்கு கூர்மைக்கு வராவிட்டால் லென்ஸை யாரோ தவறாகப் பூட்டியிருக்கிறார்கள். முடிவிலியைச் சற்றுத் தாண்டிப் போவது குறையல்ல. பல டெலிபோட்டோக்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. முடிந்ததும் நாடாவை எடுத்துவிட்டு, தண்டவாளத்தில் பசை இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நிற்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். 210-இல் ஃபோகஸ் செய்து மெதுவாக 70-க்கு வாருங்கள். நின்றால் மிக நல்லது: இனி எப்போதும் 210-இல் ஃபோகஸ் செய்து, பிறகு சட்டகத்தை அமைக்கலாம். நழுவினால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரே ரோல்

ஐஎஸ்ஓ 100 (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) கறுப்பு வெள்ளை ஃபிலிம் 36 படம். வண்ண ஃபிலிம் வேண்டாம் என்பது என் பிடிவாதம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், நெகட்டிவை நேரடியாக உருப்பெருக்கியில் படிக்கலாம், ஸ்கேன் செய்யும் கடையின் கைவரிசை நடுவில் வராது.

சுவரில் ஒட்ட ஒரு தமிழ் நாளிதழ் போதும். அட்டவணைகளும் கோடுகளும் அச்சிட்ட சோதனைத் தாள்கள் விற்கின்றன, ஆனால் தமிழ் எழுத்தில் இருக்கும் புள்ளி அவற்றையெல்லாம் மிஞ்சும். செய்தியின் உடல் எழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லென்ஸ் சோர்ந்த இடத்தில் முதலில் மறைவது அதுதான். நடுவில் ‘க்’ என்று தெரிவது ஓரத்தில் ‘க’ ஆகிவிட்டால் அந்த ஓரம் அந்த அப்பர்ச்சரில் பயன்படாது. எழுத்தின் வளைவும் கரைந்து ‘க’வா ‘த’வா என்று தடுமாறினால் நிலைமை இன்னும் மோசம். எந்த அளவீடும் இல்லாமல், வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு உடனே புரியும் சோதனை இது.

நாளிதழை விரித்து, இரு பக்கமும் தெரியும்படி சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 210-இல் ஏறக்குறைய 5¼ மீட்டர் தள்ளி நின்றால் விரித்த தாள் சட்டகத்தை நிறைத்துவிடும். 135-க்கு ஏறக்குறைய 3.4 மீட்டர், 70-க்கு 1¾ மீட்டர். மூன்றிலும் எழுத்து ஃபிலிமில் ஒரே அளவாக விழுவதால் ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிடலாம். 1¾ மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாத ஜூம்களும் உண்டு. அப்படியானால் 70-க்கு மட்டும் தள்ளி நின்று, தாளைச் சட்டகத்தின் மூலைக்கு மூலை நகர்த்தி எடுங்கள்.

கேமரா சுவருக்கு நேராக நிற்க வேண்டும். தாளின் நடுவில் உள்ளங்கையளவு தட்டையான முகம்பார்க்கும் கண்ணாடியை ஒட்டுங்கள். வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸின் முகமே தெரிந்தால் நேராக நிற்கிறீர்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள்.

இனி நடுக்கம். பழைய எஸ்எல்ஆர் கேமராவின் உள்கண்ணாடி மேலே போய் மோதும் அதிர்ச்சி, 1/8 முதல் 1/60 விநாடி வரையான வேகங்களில் நீண்ட லென்ஸை நன்றாகவே குலுக்கும். நிழலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப்/4-இல் 1/250 கிடைத்தால் எஃப்/8-இல் 1/60, எஃப்/11-இல் 1/30. ஆகவே அப்பர்ச்சரை மூட மூடப் படம் கூர்மையாவதற்குப் பதில் மங்கும். இதைப் பார்த்துவிட்டு ‘இந்த லென்ஸ் எஃப்/4-இல்தான் நன்றாக இருக்கிறது’ என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் அளந்தது உள்கண்ணாடியின் உதையை. எஃப்எம்2-இல் செல்ஃப் டைமரை இயக்கினால் உள்கண்ணாடி முதலிலேயே மேலே போய்விடும், சில விநாடி கழித்துத்தான் ஷட்டர் திறக்கும். அதிர்ச்சி அதற்குள் அடங்கிவிடும். உங்கள் கேமராவிலும் அப்படி உண்டா என்று, லென்ஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பென்டாக்ஸ் கே1000-இல் செல்ஃப் டைமரே கிடையாது. அப்படிப்பட்ட கேமராவுக்குக் காலை வெயில் நேராக விழும் சுவரைத் தேடுங்கள். நல்ல வெயிலில் எஃப்/11-க்கே 1/250 கிடைக்கும், எஃப்/4-க்கு 1/2000 தேவைப்படும். உங்கள் கேமரா 1/1000-உடன் நின்றால் ஒரு படி ஒளி கூடும். நெகட்டிவ் அதைத் தாங்கும்.

70, 135, 210 மூன்றிலும் எஃப்/4, 5.6, 8, 11 என்று எடுத்தால் 12 படம். ஃபோகஸை முழுதாகக் கலைத்துவிட்டு மறுபடி அதே 12 படத்தையும் எடுங்கள். இரண்டாவது சுற்று வீணல்ல. முதல் சுற்றில் ஃபோகஸ் பிசகியிருந்தால் இரண்டாவது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் தடித்த பேனாவால் ‘135 / 5.6’ என்று எழுதிய துண்டுத்தாளை நாளிதழ் ஓரத்தில் ஒட்டிவிட்டால், பிறகு நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. 25-ஆவது படத்தைக் கேமராவைத் தலைகீழாக முக்காலியில் மாட்டி, 210-இல் எஃப்/4-இல் எடுங்கள். காரணம் பிறகு.

மிச்சம் இருக்கும் 11 படங்களும் வெளியே போகட்டும். சுவரில் செய்தது அருகிலுள்ள பொருளுக்கான சோதனை. தொலைவில் சில ஜூம்கள் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஜோர்ஜ் டவுன் கடைவீடுகளின் பலகை ஜன்னல்களை எதிர் நடைபாதையிலிருந்து எடுங்கள். கிடைக்கோடுகள் வளைகின்றனவா என்று உடனே தெரியும். 70-இல் வெளிப்பக்கம் உப்புவதும் 210-இல் உள்பக்கம் குழிவதும் ஜூம்களின் இயல்பு. நான் பொருட்படுத்துவதில்லை. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து எடுங்கள், கையில் பிடித்து, 1/250-இல் ஒன்று, 1/500-இல் ஒன்று. 210-க்கு 1/250 போதும் என்பது பொதுவிதி. உங்கள் கைக்கு அது போதுமா என்பது இங்கே தெரியும்.

காலையில் வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் போனால் சூரியன் பெருநிலத்துப் பக்கமிருந்து, கடலுக்கு மேலே எழும். சூரியன் சட்டகத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி படகுகளை எடுங்கள். உள்ளே மங்கல் இருக்கும் லென்ஸ் இங்கே தப்பிக்க முடியாது, நிழல்கள் எல்லாம் வெளுத்துவிடும். அதே சட்டகத்தை லென்ஸுக்கு மேல் கையால் நிழல் கொடுத்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவது வெகுவாகத் தேறினால் லென்ஸ் நல்லதுதான், அதற்குத் தேவை முன்னால் மாட்டி நிழல் கொடுக்கும் ஒரு ஹூட்.

பட்டர்வொர்த் கரையை நண்பகலில் எடுத்து லென்ஸை மதிப்பிடாதீர்கள். கடல்மேல் சூடான காற்று நடுங்கும்போது எந்த லென்ஸும் கூர்மை தராது. சுமத்ராப் பக்கமிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களிலும் தொலைதூரச் சோதனை வேண்டாம்.

நெகட்டிவைப் படித்தல்

வெளிச்சப் பலகையில் நெகட்டிவை வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். முதலில் எழுத்தைத் தேடாமல் ஃபிலிமின் மணிகளை, அதாவது படம் ஆகியிருக்கும் நுண்துகள்களை, தேடுங்கள். மணிகள் கூர்மையாகத் தெரிந்து எழுத்து மங்கியிருந்தால் குறை லென்ஸிலோ ஃபோகஸிலோ நடுக்கத்திலோ இருக்கிறது. மணிகளே தெரியவில்லை என்றால் பார்க்கும் கருவியில்தான் குறை. ஸ்கேன் கோப்பை மட்டும் வைத்து மதிப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தட்டை ஸ்கேனர்கள் 35 மி.மீ. நெகட்டிவில் இருப்பதில் பாதியைக்கூடக் காட்டாமல் விடுவதுண்டு.

மங்கல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக நீண்டிருந்தால் நடுக்கம். வட்டமாகப் பருத்திருந்தால் ஃபோகஸ். எழுத்து கூர்மையாக இருந்தும் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படர்ந்திருந்தால் அது லென்ஸின் இயல்பு; எஃப்/5.6-க்கோ எஃப்/8-க்கோ வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். உருவப்படங்களுக்கு அந்த ஒளிவட்டத்தை நான் விரும்பியே பயன்படுத்துகிறேன்.

பிறகு நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் சமமாக மென்மையாக இருந்தால் அது வடிவமைப்பின் எல்லை. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் கரைந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகியிருக்கலாம், அல்லது நீங்கள் சாய்ந்து நின்றிருக்கலாம். இதற்காகத்தான் 25-ஆவது படம். கேமராவைத் தலைகீழாக்கியபோது மங்கலான மூலை நாளிதழின் எதிர்மூலைக்கு மாறியிருந்தால் குற்றம் லென்ஸில். நாளிதழில் அதே இடத்தில் நின்றால் குற்றம் நீங்கள் நின்ற நிலையில்.

அச்சு விலகிய லென்ஸை நான் வைத்துக்கொள்வதில்லை. மற்றக் குறைகளோடு ஒத்துப்போகலாம். 210-இல் எஃப்/4 மென்மை, எஃப்/8 கூர்மை என்றால் அதற்கேற்ப வெயிலில் ஐஎஸ்ஓ 400 போட்டால் முடிந்தது. எஃப்/8-இல் 1/2000 கிடைக்கும். 180-க்கு மேல் எதிலுமே தேறவில்லை என்றால் அதை 70-180 லென்ஸ் என்று எண்ணிக்கொண்டு, வளையத்தில் 180-க்கு நேராக ஒரு சிறு வெள்ளைக் கோடு போடுங்கள். கிடைத்த முடிவுகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி முன்மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். என் மூடியில் இருப்பது: ‘70: 4 முதல் சரி. 135: 4 முதல் சரி. 210: 8 மட்டும். எதிர்வெயில்: ஹூட்.’ படம் எடுக்கும் நேரத்தில் இவ்வளவு போதும்.

பினாங்கு ஸ்திரீட்டில் தைப்பூசத்துக்கு முதல் நாள் கோவில்வீட்டிலிருந்து ரதம் புறப்பட்டபின் வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். ஓடுகள் தெறிக்கும் தெருவில் அருகே நிற்க முடியாது. எட்ட நின்று, வெயில் ஏறியபின், 135-இல் எஃப்/5.6-இல் எடுக்க இப்படிச் சோதித்த ஒரு மலிவு ஜூம் தாராளமாகப் போதும். ஆனால் இரவில், தெருவிளக்கு வெளிச்சத்தில், எஃப்/4 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 400-இல் 1/15-ஐ ஒட்டித்தான் வேகம் கிடைக்கும். அந்நேரம் ஜூமைப் பைக்குள் வைத்துவிட்டு 50 மி.மீ. எஃப்/1.8-ஐ மாட்டுங்கள். வீடு திரும்பியதும் வியர்வையும் தூசியும் துடைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். உலர்பெட்டி இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்த மறக்காதீர்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள்.